பூனைப்பட்டாணிச் சரிவு

எங்கள் தெர்னிவ்கா ஊருக்குக் கீழே, ஓடைப்பள்ளத்தின் தென்சரிவில் கலப்பை ஏறியதே இல்லை. மண் வெளிறி வெடித்துக் கிடக்கும். மே மாதக் கடைசியில் அங்கே முழங்கால் உயரம்கூட வராத ஒரு செடி மஞ்சளாகப் பூக்கும். தண்டு, இலை, மொட்டு எல்லாவற்றிலும் ரோமம். நாங்கள் அதைப் பூனைப்பட்டாணி என்போம். இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். கேட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அதை நம்பியவள் மோத்ரியா. கூட்டுப் பண்ணையில் பால் கறப்பவள். கை சும்மா இராது, வாயும் அப்படித்தான். அவள் கணவன் யுகிம் டிராக்டர் ஓட்டினான். நாற்பத்தாறு வயதில் நெஞ்சுவலி வந்து ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். வீடு திரும்பியதும் மோத்ரியா சரிவுக்குப் போய்ப் பூந்தண்டுகளைக் கத்தரித்து வந்தாள். வேரைத் தொடவில்லை. நிழலில் உலர்த்தி, காலையும் மாலையும் ஒரு கோப்பை கஷாயம் வைத்துக் கொடுத்தாள். இரண்டு வருடத்தில் யுகிம் மூச்சு வாங்காமல் கிணற்றிலிருந்து இரண்டு வாளி தூக்கி வந்தான்.

அந்தப் பூரிப்பில் தலைநகர் கீவில் வெளிவந்த ஓர் உடல்நலப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். நான் ஊர்த் தபால்காரி. உறையை ஒட்டுமுன் எனக்குப் படித்துக் காட்டினாள். ஊர்ப் பெயர், பேருந்து நிற்கும் இடம், சரிவுக்கு இறங்கும் தடம், எல்லாம் அதில் இருந்தன.

“வழியெல்லாம் எதுக்குக்கா எழுதுறீங்க?”

“பாவம்டி தெக்லா, படிக்கிறவளுகளுக்கும் புருஷன் இருப்பான்ல. தேடி அலையட்டும்னு விட்டுர முடியுமா?”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கடிதம் அச்சில் வந்தது. முதலில் பதில் கடிதங்கள் குவிந்தன, அப்புறம் ஆட்களே வந்தார்கள். மோத்ரியா முகம் மலர்ந்து கூட்டிப்போவாள். பீட்ரூட் சூப்பும் ரொட்டியும் கொடுத்து, “தண்டை மட்டும் நறுக்குங்க, வேர் கெடந்தா வர்ற வருஷம் தழைச்சுக்கும்” என்பாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் சாயங்காலக் கறவைக்குப் போனதும் மூட்டைகளிலிருந்து மண்வெட்டிகள் வெளியே வந்தன.

அடுத்த கோடையில் லாரி வந்தது. சாக்கு நிரப்பிக்கொண்டிருந்த ஒருத்தியின் கையை மோத்ரியா பிடித்தாள். அவள் உதறிவிட்டு, “இது என்ன உங்கப்பன் வீட்டு நெலமா? வாங்க வாங்கன்னு பேப்பர்ல எழுதுனவ நீதானே?” என்றாள். மோத்ரியா சண்டை போடாமல் திரும்பி நடந்தாள். நான் பார்க்க அதுதான் முதல் தடவை.

மூன்றாவது கோடையில் சரிவெங்கும் குழிகள்தான். ஆகஸ்ட் மாதம் ஒருநாள் முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்த மோத்ரியா, வாசலில் யுகிம் எதிரே தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். நான் அப்போது தபாலோடு நின்றிருந்தேன்.

“ஒரு வேர்கூட மிச்சமில்லய்யா. இனி உன் கஷாயத்துக்கு எங்க போவேன்?”

யுகிம் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான். “கஷாயம் வேணாம் மோத்ரியா. நான் அதக் குடிச்சதே இல்ல.”

“என்னது?”

“வைக்கோல் ஊறுன தண்ணி மாதிரி இருந்துச்சு. கொட்டகைக்குப் பின்னால ஊத்திருவேன். டாக்டரு புகையிலையும் பன்னிக்கொழுப்பும் ஆகாதுன்னாரு. அதத்தான் விட்டேன்.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“நீ அவ்வளவு ஆசையா கொண்டாந்து நீட்டுன. அப்புறம் பத்திரிகையில வேற வந்துருச்சு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

மோத்ரியா எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செப்டம்பரில் யுகிம் மோட்டார் சைக்கிளில் எங்கெங்கோ ஓடைச் சரிவுகளில் தேடி, ஒரு தீப்பெட்டி நிறைய அந்தச் செடியின் விதை கொண்டுவந்தான். ஜன்னலோரம் வைத்து, “நாளைக்கு வெதைப்போமா?” என்று கேட்டான். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. பனிக்காலம் முழுவதும் பெட்டி அங்கேயே இருந்தது. நான் நடுவில் பேசிப் பார்த்தேன். “நீ உன் தபாலப் பாருடி” என்றாள்.

மார்ச்சில், பனி உருகும் சமயம், யுகிம் டிராக்டரின் சக்கரத்தில் சாய்ந்தபடியே செத்துப்போயிருந்தான்.

ஏப்ரலில் மோத்ரியா அந்தத் தீப்பெட்டி விதைகளை, கெட்டித்தோல் கீறி முளைக்கட்டும் என்று கல்லில் லேசாகத் தேய்த்து, சரிவுக்குப் போய்த் தனியாக ஊன்றினாள். ஏழு முளைத்தன. வெயிலுக்கும் ஆட்டுக்கும் தப்பியது ஒன்றுதான். அது பூக்க ஐந்து வருடம் ஆனது. அந்த மே மாதம் என்னை மட்டும் கூட்டிப்போய்க் காட்டினாள். மஞ்சளாக ஒரே ஒரு கொத்து.

“அழகா இருக்குக்கா.”

“இருக்கு” என்றாள். அதைச் சுற்றியிருந்த களையைப் பிடுங்கியபடியே, “சரிவ நாசம் பண்ணது நான்தான், அதக்கூட யார்கிட்டயும் ஒத்துக்குவேன் தெக்லா. வெதைப்போமான்னு கேட்டானே, சரின்னு ஒரு வார்த்தை. அத நான் சொல்லலையே” என்றாள்.

காற்று பலமாக வீசியது. மேலே ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள்.