மகளின் பிறப்பைத் தேடித் தெல்தெனிய போனோம்

மகளுக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்தது. மண்ணியல். பழைய பிறப்புச் சான்றிதழ் மடிப்பில் கிழிந்திருந்ததால் புதிய பிரதி ஐந்து வாரத்துக்குள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் மகளும் புறப்பட்டோம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் தோட்டத்துப் பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மிச்சத்தை நானே படித்துக்கொண்டேன். யாரும் பிழை திருத்த வேண்டாம்.

எங்கள் ஊர் கலஹாவில் காலை 6.10 பஸ். பேராதனைக்கு ஒரு மணி நேரம், ஆளுக்கு 110 ரூபாய். அங்கிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ், 40 ரூபாய். கண்டியில் 8.05க்கு ஏறினால் தெல்தெனிய 9.15, 130 ரூபாய். வலது பக்கம் உட்காருங்கள், நீர்த்தேக்கம் தெரியும். அன்று தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. மூழ்கிப்போன பழைய ஊரின் சுவர்கள் சேறு பூசிக்கொண்டு வெளியே நின்றன. பஸ்ஸில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள்மேல் குறை இல்லை. எழுதுவினைஞர் அலவத்துகொடப் பக்கத்து முஸ்லிம் பெண். தோட்டத்தின் பெயரையும் வருடத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் நாற்பது நிமிடம் கழித்து வந்தார். முதலில் மகளை உற்றுப் பார்த்தார். பிறகுதான் என்னிடம் பேசினார்.

"ஐயா, தேவிகாங்கிற இந்தப் புள்ள மௌத்தாப்போயிட்டுதே. மூனு மாசத்துல."

இறந்தது எனக்குத் தெரியும். மகளுக்கு அந்த நிமிடம் வரை தெரியாது.

சொல்லிவிடுகிறேன். மூத்தவள் தேவிகா தெல்தெனியப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே போனாள். பிறகு கலஹாவுக்கு வந்தோம். பதினாறு மாதம் சின்னவளாக இவள் பிறந்தாள். போனவளே திரும்பி வந்துவிட்டாள் என்று எங்கள் சனம் சொல்லும். நாங்களும் அந்தப் பெயரையே வைத்தோம். பிறப்பைப் பதிய, கலஹாத் தோட்டத்துக் கிளாக்கரிடம் கடிதம் வாங்க வேண்டும். அவன் ஒருமுறை என்னைச் செருப்பைக் கழற்றி வாசலில் நிற்கச் சொன்னவன். அவன் மேசைக்கு முன்னால் போய் நிற்கமாட்டேன் என்றேன், நிற்கவும் இல்லை. அலுமாரியில் மூத்தவளின் சான்றிதழ் இருந்தது. பெயர் ஒன்று, அப்பன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் அதைக் கொடுத்தேன். பரீட்சைகள், பட்டம், கடவுச்சீட்டு எல்லாம் அதன்மேல்தான்.

மகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அக்காவைப் புதைத்த இடத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

தோட்டம் ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். முச்சக்கரவண்டி போய்வரக் காத்திருப்போடு 2,500. பகல் ஒரு மணிக்கே பனி இறங்கிவிட்டது. சாரதி முன்விளக்கைப் போட்டுக்கொண்டு போனார். லயத்து வீடுகளுக்குக் கீழே, தேயிலை முடிகிற இடத்தில் அந்தப் புதைமேடு. கல்லை நான் கண்டுபிடிப்பதற்கு முன்பே மகள் அதனருகில் போய் நின்றுவிட்டாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

கொழுந்துக் கூடையோடு ஒரு கிழவி மேலேயிருந்து இறங்கி வந்தார். அந்தக் காலத்தில் லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்தவர். என்னை அடையாளம் தெரியவில்லை. மகளிடம் பெயர் கேட்டார். தேவிகா என்றாள். கிழவி குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தார்.

"கால் இருக்குங்க அம்மா," என்றாள் மகள்.

கிழவி சிரிக்கவில்லை. "பொதைக்கிறப்ப ஒன்னைய நான்தான் துணியில சுத்திக் குடுத்தேன். எப்ப வந்த?" என்றார். பனியில் மகளின் முகம் சரியாகத் தெரியவில்லை. சாரதி ஹார்ன் அடித்தார். அவர் எஞ்சினை நிறுத்தவே இல்லை.

இறங்கும்போதுதான் பேசினாள். "அப்ப என்னைய எங்க எழுதி வச்சிருக்கீங்க அப்பா?"

பிறப்புப் பிரதி மட்டும் கேட்டால் பிறப்புப் பிரதிதான் தருவார்கள், மரணப் பதிவு வேறு புத்தகம், ஜெர்மனிக்காரன் இங்கே வந்து புரட்டப் போவதில்லை என்றேன். "அக்கா பேர்ல அவ்வளவு தூரம் போக மாட்டேன்," என்றாள். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

பிரதியை வாங்காமலே திரும்பினோம். கலஹாவில் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மாதக் கணக்கில் ஆகுமாம். பரீட்சைச் சான்றிதழ்களில் பிறந்த திகதியையும் மாற்ற வேண்டும். நடந்ததை அப்படியே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, இடத்தை ஒரு வருடம் வைத்திருப்பார்களா என்று கேட்டாள். இன்னும் பதில் இல்லை. அந்தக் கிளாக்கர் முன்னால் போய் நிற்காதது தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கான விலையை நான் கட்டவில்லை, இவள் கட்டுகிறாள்.

போகிறவர்களுக்கு: இடம் கிடைத்த பிறகு ஓடாதீர்கள், விண்ணப்பிக்கும் முன்பே பிறப்புப் பதிவைத் தேடிப் பாருங்கள். 9.30க்குள் போனால் கூட்டமில்லை. பதிவே இல்லையென்றால் பள்ளிக்கூடத்து அனுமதிப் பதிவேட்டின் பிரதி, கிராம சேவகர் கடிதம், பெற்றோரின் சத்தியக் கடதாசி இவையெல்லாம் தேவைப்படும். சத்தியக் கடதாசியில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். வழக்கம்போல் ஒன்று என்றேன். பக்கத்தில் நின்ற மகள் ரெண்டு என்றாள். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ரெண்டு என்று எழுதச் சொன்னேன்.