பன்னிரண்டு புட்டிகளில் மஞ்சள் தண்ணீர்

அந்தத் தண்ணீர் இளமஞ்சளாக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் என் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். நான்கு மாதம் கழித்து அந்த வரியைக் கூட்டத்தில் உரக்கப் படித்ததும் நானேதான்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வுக்கூடம். விலங்குகளை வைத்து அங்கே செய்யும் ஆராய்ச்சிகளுக்கு அனுமதி தர ஒரு குழு உண்டு. அதில் விஞ்ஞானம் படிக்காத வெளியாள் ஒருவர் இருக்க வேண்டுமாம். என்னைப் போட்டார்கள். வாரம் ஒருமுறை போய்க் கூண்டுகளை எண்ணுவேன். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், என் வயதுதான். “எலிக்குத் தலையை எண்ணுதீரா, வாலை எண்ணுதீரா வே?” என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

ஆராய்ச்சி செய்தவள் ஆழ்வார்குறிச்சிப் பெண். பட்டத்துக்காக அவள் எடுத்துக்கொண்டது லைம் நோய். உண்ணி கடித்து வருவது. சுருள் வடிவக் கிருமி ஒன்று தோல், மூட்டு, இதயம் என்று போய்த் தங்கிக்கொள்ளுமாம். மருந்து சாப்பிட்ட பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் மூட்டுவலி விடுவதில்லை, ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றாள். அவள் இதைச் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து என் இரண்டு கால்களையும் மூன்று முறை பார்த்தேன்.

அறுபது சுண்டெலிகள். நாற்பதுக்குக் கிருமியை ஊசியில் ஏற்றி, இருபதை ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா வைத்து, மருந்தே கொடுக்காமல் ஒரு வருடம் கிருமி எங்கே எவ்வளவு காலம் இருக்கிறது என்று பார்ப்பது. மாதம் ஒருமுறை காதில் கடுகளவு தோல் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று சோதிப்பாள். கணுக்கால் வீக்கத்தைக் கருவியால் அளப்பாள். வருட முடிவில் எல்லாவற்றையும் கொன்று உறுப்புகளைப் பார்ப்பார்கள். நாற்பத்தைந்தில் முடியாதா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டேன். முடியாது என்பதற்கு அவள் போட்டுக் காட்டிய கணக்கு சரியாக இருந்தது. கூண்டுக்கு ஐந்தாகப் பன்னிரண்டு கூண்டு. கூண்டுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி.

எலிகளைக் கவனித்துக்கொண்டவர் மேலப்பாளையத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். எல்லாருக்கும் அவர் பாய். வளைகுடாவில் இருபது வருடம் ஆட்டுப்பண்ணையில் இருந்துவிட்டு வந்தவர். பிஸ்மில்லா சொல்லாமல் கூண்டைத் திறக்க மாட்டார்.

ஆறு ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். சாலை அறுந்து அந்தப் பெண் ஊரிலேயே மாட்டிக்கொண்டாள். பாய் ஒற்றை ஆளாகப் பன்னிரண்டு தடவை படியேறிக் கூண்டுகளை மாடியில் சேர்த்திருந்தார். மூன்றாம் நாள் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் எண்ணினேன். அறுபதும் இருந்தன. கீழ்வரிசைக் கூண்டுகளில் இருந்தவை இன்னும் ஈரம் காயாமல், முடி ஒட்டி, பாதி உருவமாகக் கிடந்தன. பாய் அவற்றைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று காலைதான் சுகாதார நர்ஸ் எங்கள் தெருவில் எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஆளுக்கு ஆறு; எனக்கும் மனைவிக்கும் பன்னிரண்டு. இரண்டு பேருக்கும் வயிற்றுப்புண் உண்டு, சாப்பிடப் பயம். சட்டைப்பையில் இருந்ததை எடுத்து, இதைச் சாப்பிடலாமா என்று பாயிடம் புலம்பினேன். சாப்பிடாவிட்டால் தன்னிடம் தரச் சொன்னார், இங்கே தேவைப்படும் என்றார். வீட்டில் ஆள் அதிகம் போல என்று நினைத்து அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.

அதுவரை மாதாமாதம் வளர்ந்த கிருமி, தை மாதம் எடுத்த தோலில் வளரவில்லை. ஒன்றிரண்டில் அல்ல, நாற்பதிலும். கிருமி வளர்க்கும் கரைசலை அவள் மூன்று தடவை புதிதாகச் செய்து பார்த்தாள். மாசியிலும் இல்லை, பங்குனியிலும் இல்லை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அவள் கிருமியை ஏற்றவே இல்லையோ, முன்பு காட்டிய முடிவுகள் உட்கார்ந்த இடத்தில் எழுதியவையோ என்று சந்தேகம். ஆராய்ச்சியை நிறுத்திவிடலாம் என்று அதில் இருந்தது.

சித்திரையில் கூட்டம். அவள் அழவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள், பதினெட்டு தடவை. தலைவர் என் பக்கம் திரும்பி, வெள்ளத்தின்போது ஏதும் குறித்தேனா என்றார். கேட்டாரே என்ற பெருமையில் வெள்ளத்துக்கு அடுத்த வாரத்து வரியை உரக்கவே படித்தேன்: எலி அறுபது, புட்டி பன்னிரண்டு, தண்ணீர் இளமஞ்சள், ஆற்றுக் கலங்கல்.

அவள் தலையைத் தூக்கினாள். “கலங்கல்னா அடியில மண்ணு படிஞ்சிருந்துச்சா சார்?”

“இல்லம்மா. தெளிவாத்தான் இருந்துது.”

சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்தேன். முந்தின வார வரி அதே பக்கத்தில் மேலே இருந்தது: மாத்திரை பன்னிரண்டு, பாய் வசம். அதையும் படிக்க வேண்டியிருந்தது. படித்தேன்.

பாயைக் கூப்பிட்டார்கள். கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டார். மறைக்கவில்லை.

“நான்தான் போட்டேன் சார்வாள். புட்டிக்கு ஒண்ணு, கூட்டைப் பிரிச்சு மஞ்சப் பொடியைக் கொட்டிக் கலக்குனேன். பண்ணையில மந்தைக்கே தண்ணியிலதான மருந்து கலப்போம். மனுசனுக்கு வீடு வீடா வந்து குடுத்தாங்க. வெள்ளத்துல நனைஞ்ச இதுகளுக்கு யாரு வந்து குடுப்பா?”

அந்தப் பெண் எழுந்து கேட்டாள். “எத்தன நாள் குடிச்சுது பாய்?”

“பன்னெண்டு நாளு இருக்கும். ஒரு சொட்டு மிச்சமில்லாம குடிச்சுது டாக்டரம்மா.”

லைம் நோய்க்குக் கொடுக்கும் மருந்தும் அதேதான் என்பதை அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். ஒரு வருடம் மருந்து படாமல் இருக்க வேண்டிய உடம்புகளை, என் சட்டைப்பையிலிருந்து போன பன்னிரண்டு மாத்திரை குணப்படுத்திவிட்டது. சும்மா வைத்த இருபதும் அதையே குடித்ததால் ஒப்பிடவும் ஒன்று மிச்சமில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

என் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தையும் பாயின் வாக்குமூலத்தையும் வைத்து, அவள் பொய் எழுதவில்லை என்று குழு ஒப்புக்கொண்டது. இன்னொரு வருடமும் புதிதாக அறுபது எலிகளும் கொடுத்தது. இந்த முறை நான் நாற்பத்தைந்து என்று பேரம் பேசவில்லை. பாயை வேலையை விட்டு அனுப்ப வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். பழைய அறுபதால் இனிப் பயனில்லை, கொன்றுவிடலாம் என்று முடிவாயிற்று. தண்ணீரிலிருந்து தூக்கி வந்த அதே அறுபது.

கடைசியாக ஒருமுறை கணுக்கால்களை அளந்துகொள்கிறேன் என்றாள். பாய் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார், அவள் அளந்து சொன்னாள், நான் எழுதினேன். நாற்பதில் பதினொன்றுக்கு வீக்கம் அப்படியே இருந்தது. அவள் இரண்டாம் முறை அளந்தாள். அதே அளவு.

“மருந்து குடிச்சு கிருமி போயும் வீக்கம் இறங்கலையே” என்றாள், தனக்குத்தானே சொல்வது போல.

கையிலிருந்த எலியின் முதுகைப் பாய் பெருவிரலால் பையத் தடவினார். “அப்போ இதுகளுக்கு இன்னும் வலிக்குதா டாக்டரம்மா?”

அவள் அடுத்த கூண்டை எடுத்து வரச் சொன்னாள்.