அக்காவின் டிராமும் அக்காவின் பஸ்ஸும்

மழை விட்டதும் மெல்பர்ன் தெருவில் தண்டவாளம் மின்னியது. தாரில் அழுந்திய இரண்டு வெள்ளிக் கோடுகள், வளைந்து, நிமிர்ந்து, தெருக்கோடி வரை. அக்கா குனிந்து பார்த்தாள்.

"தம்பி, இது எனக்குத் தெரியுதுடா."

அக்காவுக்குக் கண் அழுத்த நோய். ஓரங்கள் எல்லாம் போய்விட்டன. குழாய்க்குள் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அவள் மகனுக்கு மெல்பர்னில் வேலை. வந்து தன்னோடு இருந்துவிடச் சொல்லி ஒரு வருடமாகக் கூப்பிடுகிறான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "தனியா வெளிய போயி, தனியா வீட்டுக்கு வர முடியுமா? எங்க முடியுதோ அங்க இருந்துக்கிறேன்." அதைப் பார்க்கத்தான் மலேசியாவில் எங்கள் ஊரான கூலிமிலிருந்து நான் அவளைக் கூட்டிப் போயிருந்தேன்.

டிராமைக் கண்டு வாய் பிளந்தது நான்தான். 'வருவேன்' என்ற சொல்லை இரும்பில் வார்த்துத் தெருவில் புதைத்து வைத்திருக்கிறார்கள். வண்டி இல்லாத நேரத்திலும் அந்தச் சொல் தரையில் கிடக்கிறது. தலைக்கு மேலே கம்பி முனகும். மணி அடிக்கும். பிறகு, விளக்கேற்றிய ஒரு நீள வீடு வழுக்கி வருவது போல வந்து, நேற்று நின்ற அதே இடத்தில் ஒரு சாண் பிசகாமல் நிற்கும். உள்ளே ஒரு குரல் ஒவ்வொரு நிறுத்தத்தையும் சொல்லிக்கொண்டே வரும்.

முதல் நாள் அக்கா நிறுத்தத்துக்குப் போகாமல் நடுவழியிலேயே நின்று கையை நீட்டி ஆட்டினாள், தோட்டத்துச் சாலையில் பஸ்ஸை மறிப்பது போல. டிராம் மணியடித்துவிட்டுப் போய்விட்டது.

"பார்த்தும் பாக்காத மாதிரி போறான் பாரு, பெரிய ராசா!"

"அம்மா, அது ஸ்டாப்புல மட்டும்தான் நிக்கும்மா," என்றான் மகன்.

"நம்மூர்ல கை காட்டுனா லோரியே நிக்கும்லா."

மூன்றாம் வாரம் தனியாகப் போய், ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு தனியாகத் திரும்பி வந்தாள். மகன் அழுதே விட்டான். முடிந்தது, இனி இவள் இங்கேதான் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் தண்டவாளத்தின் மேல் ஒரு கார் பழுதாகி நின்றது. அதன் பின்னால் டிராம்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கட்டிப்போட்ட யானைகள் போல.

"சுத்திப் போகத் தெரியாதா இவனுக்கு?" என்றாள் அக்கா.

"கூலிம்லயும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்," என்று விமானம் ஏறிவிட்டாள்.

கூலிம் டவுன் பஸ்ஸில் குரல் கிடையாது. நிறுத்தத்துக் கம்பம்கூடச் சில இடங்களில் கிடையாது. அக்கா உடம்பால் எண்ணுவாள். காய்கறிப் பசாரிலிருந்து இரண்டு சுற்றுவட்டம், ஒரு மேடு, ரொட்டிக் கடை வாசம், பிறகு இடப்பக்கம் ஒரு சாய்வு. சாய்ந்ததும் மணியை அழுத்த வேண்டும். ஊர் திரும்பிய பின் ஒரு காலையில் அவள் பசாருக்குப் போய் பஸ் ஏறியதும், அவளுக்குத் தெரியாமல் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன்.

இரண்டாவது சுற்றுவட்டம் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு பெரிய மரம் சாய்ந்து கிடந்தது. பஸ் ஒரு நொடி தயங்கியது. பிறகு செம்பனைக் காட்டுக்குள் திரும்பியது.

மேடு இல்லை, ரொட்டி வாசம் இல்லை, அவள் எண்ணிக்கை அறுந்துவிட்டது. எங்கே மணியடிப்பாள்? எந்த வாய்க்கால் ஓரம் இறங்குவாள்? ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அத்தனை பெரிய உடம்பு, மட்டைகள் இரு பக்கமும் உரச, செம்மண்ணில் ஆடி ஆடி, பாதையே இல்லாத இடத்தில் பாதையாகிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பிறந்தபோது ரப்பராக இருந்த காடு அது. சேற்றில் என் மோட்டார் சறுக்கி நின்றது. பஸ் மறைந்துவிட்டது.

அரை மணி கழித்துச் சேறும் வியர்வையுமாக வீட்டுத் தெருவுக்குள் நுழைகிறேன், எங்கள் கேட்டிலிருந்து பஸ் பின்னுக்கு வந்துகொண்டிருக்கிறது. பஸ் நுழையாத தெரு அது. ஓட்டுநரான மலாய்க்காரர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். அக்கா வேலை பார்த்த தொழிற்சாலையின் ஷிப்ட் பஸ்ஸை முன்பு ஓட்டியவர். அந்த பஸ்ஸில் ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் இறக்கிவிடுவது வழக்கம். பாதை மாறியதும் அவர் கை அந்தப் பழைய வழக்கத்துக்குப் போயிருக்கிறது. முன் சீட்டிலிருந்த பெண் இறங்கி அக்காவின் காய்கறிப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

தண்டவாளமும் வாக்கு, இதுவும் வாக்கு. ஒன்று தரையில் கிடக்கிறது, இன்னொன்று ஒரு மனிதனுக்குள் கிடக்கிறது.

"வந்துட்டியேக்கா!"

கேட்டைப் பிடித்து நின்ற அக்கா சிரிக்கவில்லை. "பசார்லருந்து பின்னாலேயே வந்தியாடா? உன் ஓட்ட சைலென்சர் சத்தம் எனக்குத் தெரியாது? நீ ஒருத்தன், அவரு ஒருத்தர், பை தூக்க ஒருத்தி. இதுக்குப் பேரு தனியாவா?"

"அப்ப மெல்பர்ன்தானாக்கா?"

"அவசரப்படாத. மரத்த வெட்டட்டும். நாளைக்கு மறுபடி போறேன். மோட்டார் சாவிய என்கிட்ட குடு."

மறுநாள் மரத்தை அகற்றிவிட்டார்கள்; சாவி அவள் கைப்பையில் போயிற்று. நான் கேட்டுக்குள் நின்றேன். பத்தரைக்குத் தெருமுனையில் பஸ் நிற்கும் மூச்சு கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, வாய்க்கால் விளிம்பை வலது செருப்பால் தேய்த்துத் தேய்த்து வரும் சத்தம். எட்டிப் பார்க்கவும் பயந்தேன். கேட் கொண்டி தூக்கப்பட்டது.

"போன எடு தம்பி," என்றாள், மூச்சு வாங்க. "என் மகன்கிட்ட நானே சொல்றேன். வருசத்துக்கு ஒரு மாசம் அவனோட டிராமுக்கு வரேன்னு."