மணித்துணியில் இருந்த கறை

என் பெரியம்மா பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். திருவண்ணாமலையில் எல்லோரும் பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிக்கொண்டிருந்த எழுபதுகளின் கடைசியில், அவள் மட்டும் எவர்சில்வர் பாத்திரத்தைக் கொடுத்துப் பழைய துணி வாங்கிக்கொண்டிருந்தாள்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிவிட்டு வரும் பாத்திரக்காரம்மா, சேர்ந்த துணிகளை ஜரிகை உருக்குகிறவர்களிடம் கொண்டுபோவதற்கு முன்னால் பெரியம்மா வீட்டு வாசலில் ஒருமுறை மூட்டையை அவிழ்ப்பாள். “டீச்சரம்மா, உங்க குப்பை வந்துருக்கு” என்பதுதான் அவள் குரல் கொடுக்கும் விதம்.

பட்டும் ஜரிகையும் பெரியம்மாவுக்கு வேண்டாம். கையால் பூவேலை செய்த தலையணை உறை, பாசிமணி கோத்த சுருக்குப்பை, கிளி போட்ட விசிறித் துணி, இப்படி ஏதாவது அகப்பட்டால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். கைத் தையலா மெஷின் தையலா என்பது அங்கேதான் தெரியுமாம். நூறு வருஷப் பழசு என்று தோன்றிவிட்டால், உள்ளே போய்த் தன் கல்யாணத்துக்கு வந்த தூக்கையோ சம்புடத்தையோ எடுத்துவந்து கொடுத்துவிடுவாள். பெரியப்பா மோர் குடிக்க டம்ளர் தேடிய நாட்களும் உண்டு.

எனக்கு அப்போது எட்டு வயது. சனி ஞாயிறுகளில் பெரியம்மா வீட்டில்தான் இருப்பேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தத் துணிகளைச் சேர்த்து வைத்திருந்த டிரங்குப் பெட்டியை என்னைத் திறக்க விடுவாள். ஈரக்கையோடு தொடக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

அந்தப் பெட்டியில் அவள் உயிராக வைத்திருந்தது ஒரு முழ நீளமுள்ள காடாத் துணி. கடுகைவிடச் சின்னதான நீல மணிகளால் அதில் அ முதல் ஔ வரை தைத்திருந்தது. ஓரத்தில் இரண்டு கிளிகள். அடியில் ‘செய்தது’ என்று ஒரு வார்த்தை. அதோடு மணிகள் நின்றுவிட்டன. பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை.

“நூறு வருஷத்துக்கு முன்னாடி வந்த பஞ்சத்துல அப்பா அம்மா இல்லாமப் போன பொண்ணுங்களுக்கு மிஷன் பள்ளிக்கூடத்துல தையல் கத்துக் குடுத்தாங்கடி. அதுல ஒருத்தி செஞ்சது” என்று ஒருமுறை சொன்னாள். “உன்னவிட ஒரு வயசு ஜாஸ்தி இருந்தா அதிகம்.”

பள்ளி விட்டு வந்ததும் அந்தத் துணியை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு கறை இருந்த இடத்தையே பார்ப்பாள். சாய்த்துப் பார்ப்பாள், வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பாள். கடைசியில் பெருமூச்சு விட்டு மடித்து வைப்பாள். இவ்வளவு நல்ல துணியில் இப்படி ஒரு கறை இருக்கிறதே என்று வருத்தப்படுகிறாள் என நான் எடுத்துக்கொண்டேன். அவள் வருத்தப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை மெட்ராஸிலிருந்து ஓர் அம்மா வந்து ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்குவார். பழைய பூவேலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். அந்த வருஷம் பெரியம்மாவின் துணிகளைப் பார்க்க வருவதாகவும், மெட்ராஸில் நடக்கப்போகிற கண்காட்சிக்குச் சிலவற்றை வாங்கிப்போவதாகவும் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் பெரியம்மாவின் பெயரை எழுதி வைப்பார்களாம். பெரியம்மா ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளியில் அரை நாள் வேலை முடித்துவிட்டு அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனாள். வீட்டில் நான் தனியாக இருந்தேன். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் துணியை எடுத்தேன். பூந்திக்கொட்டைத் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் நுரைக்கவிட்டு, கை எரிந்தாலும் விடாமல், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அலசினேன். கறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயே போய்விட்டது. மணிகளில் ஒன்றுகூட உதிரவில்லை. மொட்டைமாடியில் வேட்டிமேல் விரித்துக் காயவைத்தபோது, என் ஆயுளில் அதற்கு முன் எதையும் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை என்று தோன்றியது.

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்பதற்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்தேன். மெட்ராஸ் அம்மா கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்திருந்தார். துணியைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார்.

“இந்த இடத்துல ஏதோ எழுத்து இருக்குன்னு சொன்னீங்களே டீச்சர்? இத யார் துவைச்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா பதில் சொல்லிவிட்டாள். “நான்தாங்க. பூஞ்சை புடிக்கிற மாதிரி இருந்தது. நேத்து அலசிட்டேன்.”

“நீங்களா?”

“ஆமாங்க.”

அதன்பின் அந்த அம்மா இங்கிலீஷுக்கு மாறினார். நெடுநேரம் பேசினார். பெரியம்மா தலையைக் குனிந்தபடி, “எஸ் மேடம், எஸ் மேடம்” என்றாள். இங்கிலீஷில் பேசினால் அது பாராட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காப்பியைப் பாதி குடித்துவிட்டு, இன்னொரு தடவை வருகிறேன் என்று சொல்லி அந்த அம்மா எழுந்தார். ஒரு துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவும் இல்லை.

பெரியம்மா வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். துணியை மடியில் போட்டு, ‘செய்தது’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் வெறுமையாகிவிட்ட இடத்தை விரலால் தடவினாள். என்னைப் பார்த்து, “கை எரியுதாடி? தேங்காண்ணெ தடவிக்கோ” என்றாள். அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அவளுடைய பழைய நோட்டு ஒன்று என் கைக்கு வந்தது. ஒவ்வொரு துணிக்கும் ஒரு பக்கம். மணித்துணியின் பக்கத்தில் படம் வரைந்து, பழுப்புக் கறை இருந்த இடத்தில் பெரியம்மா எழுதியிருந்தாள்: ‘மணி கோப்பதற்காக மையால் எழுதி வைத்த பெயர். முதல் எழுத்து மா. மற்றது மங்கல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியலாம். பாவம், அதைத் தைப்பதற்குள் என்ன ஆனாளோ.’ கீழே தேதி எதுவும் இல்லை. நோட்டில் அதற்கடுத்த பக்கங்கள் காலியாக இருந்தன.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. தேங்காய் எண்ணெயை நான் தொடவில்லை. பெரியம்மா பிசைந்து கொடுத்த சோற்றையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, மறுநாள் பஸ் ஏறும்வரை அவளோடு பேசவில்லை. அத்தனை பாடுபட்டுத் துவைத்தவள் நான். எனக்கு வரவேண்டிய பேரை அவள் தட்டிக்கொண்டு போய்விட்டாளே என்று அவ்வளவு கோபம்.