அந்த வீட்டில் இரண்டு பேர்

பொய் சொன்னாள் என்கிறார்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. ஆளை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று மாடி வீட்டுக்காரி சொல்கிறாள். புத்தி பேதலித்துவிட்டது என்று தையல்கடைக்காரர் சொல்கிறார். வாய் இருக்கிறது, சொல்லட்டும். கணக்கெடுக்க வந்தவளிடம், இந்த வீட்டில் இரண்டு பேர் என்று சொன்னாள், அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அடுத்தவர் வீடுகளை எண்ணியவளுக்குத் தன் வீட்டை எண்ணத் தெரியாதா?

அவள் பிழைப்பே அதுதான். எந்த வீட்டில் யாரிடம் போன் இருக்கிறது, யார் இணையம் பார்க்கிறார்கள், எதற்குப் பார்க்கிறார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று வீடு வீடாகக் கேட்டு டேப்லெட்டில் பதிகிற வேலை. எந்தக் கேள்வியையும் "கடந்த மூணு மாசத்துல" என்றுதான் ஆரம்பிப்பாள். அதனால் தெருவில் அவளுக்குப் பெயரே மூணுமாசம். "மூணுமாசம் வருது, போனை உள்ள வை" என்று ஜன்னலுக்குள் பேசிக்கொள்வது அவள் காதில் விழும். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள்.

உட்காரச் சொல்லி இரண்டு தடவையாவது கேட்க வேண்டும், அப்போதுதான் உட்காருவாள். உட்கார்ந்ததும் சுவரில் எத்தனை சார்ஜர் தொங்குகிறது என்று கண் ஒரு சுற்றுச் சுற்றி வரும். "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா, பேச மட்டும்தான்" என்பார் ஒரு பெரியவர். சொல்லும்போதே அவர் கட்டைவிரல் போனை மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கும். விரலைப் பார்ப்பாள், வாய் சொன்னதைப் பதிவாள். அது ஒரு சட்டம். ஆறு மாதமாவது அந்த வீட்டில் இருந்தவர்தான் அந்த வீட்டு ஆள் என்பது இன்னொரு சட்டம். வெளிநாடு போய் ஏழு மாதமான மகனையும் சேர்த்து எழுதச் சொல்லி ஒரு தாய் அழுதிருக்கிறாள். கூடச் சேர்ந்து இவளும் அழுதாள், ஆனால் சேர்க்கவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. அம்மா போன பிறகு இவள் வளர்த்த பிள்ளை. இருபத்தாறு வயதில் வேலை எதுவும் இல்லாமல் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனும் கையுமாகக் கிடந்தான். எல்லார் நேரத்தையும் அளந்தவள் அவன் நேரத்தையும் அளந்தாள். ஒரு நாளைக்குப் பதினாலு மணி. கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். ஒருநாள் காலையில் வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போனாள். இப்படியாவது அறையை விட்டு வெளியே வரட்டும் என்று நினைத்தாள். வந்தான். கையில் போனோடு தெருவில் இறங்கிப் போனதைத் தையல்கடைக்காரர் பார்த்திருக்கிறார். நான்கு வருடம் ஆகிறது. தேடாத இடமில்லை. அன்று சாயங்காலமே பழைய கடவுச்சொல்லைத் திரும்ப வைத்துவிட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு விடுமுறை நாள், பகல் இரண்டு மணி. தன் வைஃபையில் எந்தெந்தப் போன் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைத் தற்செயலாகத் திறந்தாள். அவள் போனுக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. "அக்கா பார்க்காதே." தம்பி தன் போனுக்குக் குறும்பாக வைத்திருந்த பெயர். பதினோரு நிமிடம் இருந்தது, பிறகு போய்விட்டது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.

அவன் விற்ற போனை எவனோ வாங்கி, பக்கத்தில் எங்கோ இருந்துகொண்டு ஓசியில் பார்க்கிறான் என்கிறாள் மாடி வீட்டுக்காரி. அதை இவளும் யோசிக்காமல் இல்லை. லீவு போட்டுவிட்டு மொட்டைமாடி, படிக்கட்டு, தெருமுனை என்று ஒவ்வோர் இடத்திலும் தன் போனோடு நின்று பார்த்தாள். வாசலைத் தாண்டினாலே சிக்னல் பாதியாகிவிடுகிறது. மாடிப்படியில் கால்வாசிகூட இல்லை. அந்தப் பெயருக்கு மட்டும் எப்போதும் முழுசாகக் காட்டுகிறது. அந்த வீட்டில் உள்ளறை ஒன்றில்தான் அவ்வளவு கிடைக்கும். ஒருநாள் இரண்டு மணிக்கு அந்த அறையின் நடுவில் போய் நின்றாள். கட்டில், மடித்த போர்வை, அசையாத திரை. போனில் அந்தப் பெயர். பதினோரு நிமிடமும் நின்றுவிட்டு வெளியே வந்தாள். பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, "இருந்தப்பவே அவன் என்கிட்ட பேசமாட்டானே" என்றாள்.

கடவுச்சொல்லை மாற்றிவிடு, சனியன் விட்டுப் போகும் என்று எத்தனை பேர் சொன்னார்கள். "ஒரு தடவை மாத்தினேன். போதும்." அதற்குமேல் பேச மாட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் இவள் வீடே கணக்கெடுப்பில் விழுந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் வந்து உட்கார்ந்து, எத்தனை பேர் அக்கா என்று கேட்டாள். நாலாவது மாதம் கேட்டிருந்தால் ஒன்று என்றுதான் சொல்லியிருப்பாள். இப்போது எட்டு மாதம். சட்டப்படி இரண்டு.

பொய்க் கணக்கு என்று ஆபீசில் பிடித்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் அம்மாளே வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி, இவளை விட மனமில்லாதவர். ஒன்று என்று திருத்திவிட்டால் விஷயம் இத்தோடு முடியும், இல்லையென்றால் மூன்று மணிக்குள் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போக வேண்டியதுதான் என்றார். இவள் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். மணி இரண்டு. பட்டியலில் பெயர் வந்தது.

அந்த அம்மாள் உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குரல் தானாக இறங்கிவிட்டது.

"இப்பவே என் எதிர்ல பாஸ்வேர்டை மாத்தும்மா. அந்தப் பேரு போயிடும். நீயும் ஒண்ணுன்னு போட்டுட்டு நிம்மதியா இரு."

"இருக்கிற ஆளை எப்படி மேடம் இல்லன்னு எழுதறது?"

டேப்லெட்டைத் துடைத்து, சார்ஜரோடு உறையில் போட்டு, அந்த அம்மாளின் மடியில் வைத்தாள். இருவரும் எழுந்தார்கள். மேற்பார்வையாளர் செருப்பைச் சரியாக மாட்டாமலே படியிறங்கினார். இவள் பூட்டைக் கையில் எடுத்தாள், ஒரு கணம் நின்றாள், திரும்ப ஆணியிலேயே மாட்டினாள். பிறகு வெளியே வந்து, தாழ்ப்பாள் ஆடிச் சத்தம் போடாதபடி உள்ளங்கையால் அதைப் பிடித்துக்கொண்டு, கதவை மெல்ல, மிக மெல்லச் சாத்தினாள்.