யாருக்கும் தெரியாத கோட்டைக்குத்தான் போகிறேன்

பெரு நாட்டின் வடக்கே, ஆண்டிஸ் மலைமுகட்டில் குவேலாப் என்றொரு பழங்காலக் கற்கோட்டை இருக்கிறது. கல்லூரி நாள்களிலிருந்தே அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்று காலை காஞ்சிபுரத்தில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில், அவர்களுடைய பெரு பயணத்தில் அதையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"அங்க இன்னா சார் கீது? மச்சு பிச்சு போதும். இத்த போட்டோ போட்டீங்கன்னா, இன்னா எடம்னு ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார் உரிமையாளர்.

"புள்ளலூர் தெரியுமா?" என்றேன்.

"எங்க மாமியார் வூடே அங்கதான் சார்."

"அங்கே பெரும்போர் நடந்தது தெரியுமா?"

"இன்னும் நடந்துகினுதான் சார் கீது!" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பல்லவரும் சாளுக்கியரும் மோதிய மண்ணில், அது தெரியாமலே ஆண்டுதோறும் விருந்துண்டு திரும்புகிறவர், நான் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிறார். கொடுத்திருந்த பாஸ்போர்ட் நகலைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து அந்த மலைப்பகுதிக்குப் பேருந்து ஓடுகிறது. உத்திரமேரூரிலிருந்து முப்பது ஆண்டுகள் நின்றுகொண்டே வேலைக்குப் போனவனுக்கு அது போதும்.

படத்தை இங்கேதான் பதிவிடுவேன். இடத்தின் பெயரை எழுத மாட்டேன். இதைப் படித்திருந்தாலும், தெரியாததுபோல் எந்த இடம் என்று கேட்க இரண்டு பேராவது இருக்கிறீர்களா?