தரையில் புரண்ட மேசைத் துணி

இது 2001ஆம் ஆண்டு நடந்தது. அப்போது நாங்கள் யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடை வைத்திருந்தோம். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் உறவினர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்குப் போய் வந்திருந்தேன். அங்கே மேசை முழுவதையும் மூடி, தரை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்த பளபளப்பான துணிகளைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நின்றது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மேசைக்குக் கடதாசியோ பொலித்தீனோதான் விரிப்பார்கள். துணி நம் கடையிலேயே இருக்கிறது, தைத்து வாடகைக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. கணவரும் சரி என்றார்.

தைப்பதற்கு என்னிடம் ஒருத்தி இருந்தாள். பக்கத்து றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள். காலையில் பால் வெட்டி நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்து இரண்டு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய தையல் பொடிப்பொடியாக, கோடு போட்டது போல இருக்கும். கொழும்புக்கு வேலைக்கென்று போன புருஷன் வருடத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிய விஷயம். ஒரே மகள், பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். "கணக்குல வகுப்புல மொதலா வாராக்கா. டீச்சராக்கிப்புடணும்" என்று தைத்துக்கொண்டே சொல்வாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் ஓர்டர் கடைத்தெரு வியாபாரி ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு வந்தது. சாப்பாட்டு மேசை, தேநீர் மேசை எல்லாம் சேர்த்துப் பதினான்கு. மண்டபக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம் என்றார். மேசைத் துணிக்கு இந்த அளவு மட்டும் போதாது. இரண்டு பக்கமும் எவ்வளவு தொங்க வேண்டுமோ அதையும் கூட்டித்தான் வெட்ட வேண்டும். தரை வரை தொங்குவதென்றால் மேசையின் உயரம் தெரிய வேண்டும். நான் உயரத்தைக் கேட்கவில்லை. மேசை என்றால் எல்லாம் ஒரே உயரம்தானே என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை அளந்து, அந்தக் கணக்கில் பதினான்கு துணியையும் வெட்டினேன்.

துணியும் நான் தேர்ந்தெடுத்ததுதான். கிளிப்பச்சை சாட்டின். அவள் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"இது வழுக்குங்கக்கா. காட்டன்னா மேசையோட ஒட்டிக் கெடக்கும்."

"காட்டன் கசங்கும். போட்டோவுல எடுபடாது" என்றேன்.

அவள் துணியை மடித்து மெஷின் பக்கம் எடுத்துப்போனாள். பத்து நாளில் அத்தனையையும் தைத்து முடித்தாள்.

கல்யாணத்தன்று அவள் வேலைக்குப் போகாமல் காலையிலேயே என்னோடு மண்டபத்துக்கு வந்தாள். முதல் துணியை விரித்ததுமே தெரிந்துவிட்டது. அந்த மண்டபத்து மேசைகள் பழையவை, எங்கள் வீட்டு மேசையைவிடக் குட்டை. துணி நாலு பக்கமும் மூன்று அங்குலம் தரையில் புரண்டது. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவள் குனிந்து விளிம்பை மடித்துக் காட்டினாள்.

"ஊசி நூல் கொண்டாந்திருக்கேங்கக்கா. மடிச்சு ஒரு ஓட்டுத் தையல் போட்டுர்றேன். ஆளுக கால்ல மாட்டும்."

மடிப்பு வெளியே தெரியும் என்று எனக்குப் பட்டது. அதோடு, அளவு பிழையாகிவிட்டது என்பது பெண் வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கமும் இருந்தது. "வேணாம் தங்கச்சி, இப்பிடியே கெடக்கட்டும். கொழும்புலயும் இப்பிடித்தான் தரையில கெடந்துச்சு" என்றேன். அது பொய். கொழும்பில் துணி தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது, புரளவில்லை.

விருந்து தொடங்கியபோது எல்லாரும் துணியைத்தான் பாராட்டினார்கள். பெண்ணின் தாய் என் கையைப் பிடித்து, "மண்டபமே மாறிப் போச்சுங்க" என்றார். நான் பூரித்து நின்றேன். தேநீர் மேசையில் ஆள் போதாதென்று சமையல் பொறுப்பாளர் சொல்ல, நானே அவளைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கை குடு தங்கச்சி" என்று அங்கே அனுப்பினேன்.

அந்த மேசையில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் நிறைந்த இரண்டு பெரிய கேத்தல்கள் இருந்தன. அவள் கோப்பைத் தட்டோடு மேசையைச் சுற்றி வந்தாள். தரையில் கிடந்த துணியில் கால் மாட்டியது. விழாமலிருக்க மேசை விளிம்பைப் பிடிக்கப் பார்த்தாள். கைக்கு அகப்பட்டது துணிதான். சாட்டின் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு கேத்தலும் அவள் வலது கை மேல் கவிழ்ந்தன.

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஓடிவந்து பற்பசையை அள்ளிப் பூசினார்கள். நானும் மண்டபக்காரரும் அவளை முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எப்படி நடந்தது என்று நேர்ஸ் சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"கக்குல லிஸ்ஸுவா, மிஸ்."

கால் வழுக்கிவிட்டதாம். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இல்லை, என் துணியில் மாட்டித்தான் விழுந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நல்ல நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று பெண் வீட்டார் வருத்தப்பட்டார்கள். தோட்டத்து லயத்து ஆளை மேசைக்கு விட்டால் இப்படித்தான் என்று ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர், "அந்தப் புள்ள பாத்து நடந்திருக்கக் கூடாதா?" என்றார். நான் "ம்" என்றேன்.

மறுநாள் காலையில் அவர் கடைக்குப் போனதும் பதினான்கு துணியையும் எடுத்துப் போட்டு, சுற்றிவர மூன்று அங்குலம் கத்தரித்தேன். அவள் தைக்கிற மெஷினிலேயே உட்கார்ந்து விளிம்பை அடித்தேன். கத்தரித்த துண்டுகளை அடுப்பில் போட்டேன். அடுத்த வாரம் அந்தத் துணிகள் இன்னொரு விசேஷத்துக்குப் போயின.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தாள். புண் ஆறியது, ஆனால் விரல்கள் உள்ளே மடங்கி இறுகிவிட்டன. பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. மெஷினில் துணியைப் பிடித்து நகர்த்த முடியவில்லை. தோட்டத்தில் புல்லு வெட்டுகிறவர்களோடு சேர்த்துவிட்டார்கள், அதுவும் கூப்பிடுகிற நாளில்தான். அடுத்த வருடம் பரீட்சை எழுத வேண்டிய மகள், அதை எழுதாமலே கட்டுநாயக்கப் பக்கம் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் அரிசி, பருப்பு, தீபாவளிக்குச் சேலை என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். அக்காவைப் போல ஒருத்தர் வருமா என்று அவள் லயத்தில் சொல்கிறாளாம். கேட்கும்போதெல்லாம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். என்மேல் இருந்த பிரியத்தில்தானே ஆஸ்பத்திரியில் என்னைக் காப்பாற்றினாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு ஒரு வகையில் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

ஐந்து வருடம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், இனி முடியாது என்று தோன்றி, தனியாக அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் போனேன். அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் அவள் மட்டும்தான் இருந்தாள். இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அளவு பிழையானது, மடிக்க வேண்டாம் என்றது, பிறகு கத்தரித்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அழுதேன். அவள் அழவில்லை.

"தெரியுங்கக்கா. கை ஆறினப்பொறவு ஒருநாள் ஒங்க வீட்டுக்கு வந்தேன்ல, அன்னிக்குத் துணியெல்லாம் கொடியில காஞ்சிச்சு. வெளிம்புல இருந்தது என் தையல் இல்ல."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல? ஆஸ்பத்திரியிலயும் என்னைய ஏன் காப்பாத்தின?"

அவள் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"ஒங்களக் காப்பாத்தலைங்க. கை சரியாயிரும்னு நெனச்சேன். திரும்ப ஒங்க வீட்டுக்குத் தைக்க வரணும்ல. ஒங்க மேல பழியப் போட்டா வேலை குடுப்பீங்களா?"

ஐந்து வருடமாக நான் பிரியம் என்று நினைத்து வைத்திருந்தது பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் நான்தான்.

அவளே தொடர்ந்து பேசினாள். "எனக்கு வேற ஒண்ணுந்தாங்க வருத்தம். அம்மா பாத்து நடந்திருந்தா நான் படிச்சிருப்பேன்னு மக சொல்லிட்டுப் போனா. மூணு வருசமா வீட்டுக்கு வாரதில்ல. நான் சொன்னா சாக்குச் சொல்றேன்னு நெனைப்பா. நீங்க சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். அன்று மாலை கணவரிடம் முதலில் சொன்னேன். அவர், "போய்ச் சொல்லிட்டு வா" என்றார். அடுத்த வாரமே கட்டுநாயக்கவுக்குப் போனேன். மகள் தங்கியிருந்த போர்டிங் வாசலில் அவளைக் கண்டேன். இருபத்தொரு வயதுக்கு முப்பது சொல்லலாம், அப்படி மெலிந்திருந்தாள். நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அம்மாவ அந்தப் பேச்சுப் பேசியிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, போறேங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தைப்பொங்கலுக்கு மகள் ஊருக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். தாயும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. அதற்குப் பிறகு நான் அனுப்பிய அரிசியைத் தாய் திருப்பி அனுப்பிவிட்டாள். அது சரிதான்.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதைச் சொல்ல ஐந்து வருடம் எடுத்துக்கொண்டேன், அந்த ஐந்து வருடத்தையும் எனக்குப் பதிலாக அந்தத் தாயும் மகளும்தான் பட்டுத் தீர்த்தார்கள் என்பது இன்றைக்கும் என் மனதை விட்டு இறங்கவில்லை.